லூபெக் புனித மரியா தேவாலயம் எந்த ஆண்டு கட்டியது?

உங்கள் கேள்வி இரண்டு பகுதிகளாக இருந்தது. வட ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் இருக்கும் புனித மரியா தேவாலயத்துக்கு ஒரு இடத்தில் 1251 என்றும், இன்னோர் இடத்தில் 1277 என்றும், வேறோர் இடத்தில் 1351 என்றும் ஆண்டு போட்டிருக்கிறார்கள், இதில் எது சரி என்பது முதலாவது. பிரான்சில் கல்லைச் செதுக்கிக் கட்டிய கோதிக் பாணியை (கூர்முனை வளைவும் பெரிய சன்னலும் உயர்ந்த கூரையும் கொண்ட இடைக்காலப் பாணி) இவர்கள் ஏன் செங்கல்லில் கட்டினார்கள் என்பது இரண்டாவது.

மூன்று ஆண்டுகளும் சரிதான். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால், இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் வசதி. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஒரு சுவரைப் பார்த்ததும், 'இங்கே ஒருவர் வேலையை நிறுத்தியிருக்கிறார், இன்னொருவர் வந்து தொடர்ந்திருக்கிறார்' என்று தேடுவது பழகிப்போய்விட்டது. அப்படித் தேடுகிறவருக்கு இந்தத் தேவாலயத்தைப் போல வாரிக் கொடுக்கும் கட்டடம் குறைவு.

முதலில் மண். பால்டிக் கடலின் தென்கரை முழுக்கப் பனியாறுகள் தள்ளிக்கொண்டு வந்து போட்ட நிலம். மணல், களிமண், நடுநடுவே ஸ்காண்டிநேவியாவிலிருந்து பனியோடு உருண்டு வந்த கருங்கல் உருண்டைகள். வெட்டி எடுத்துச் செதுக்கத் தோதான பாறை கிடையாது. அந்தக் கல்லுருண்டைகளை அடித்தளத்துக்குப் போடலாம், சின்னக் கிராமக் கோயிலுக்குச் சுவர் எழுப்பலாம். ஆனால் அவற்றில் மெல்லிய தூணோ சன்னல் சட்டமோ செய்து மாளாது. நல்ல கல் வேண்டுமென்றால் கோட்லாந்து தீவின் சுண்ணாம்புக்கல்லைக் கப்பலில் கொண்டுவர வேண்டும். கல்லறைப் பலகைக்கும் சில சிற்ப வேலைகளுக்கும் அப்படிக் கொண்டுவந்தார்கள். ஒரு பெரிய கோயில் முழுவதையும் அப்படிக் கட்டுவது எந்த வணிகனின் கணக்குக்கும் ஒத்துவராது. களிமண்ணோ காலடியிலேயே கிடந்தது, அதைச் சுட விறகுக்குக் காடும் இருந்தது.

இருந்தாலும் செங்கல் அங்கே பழங்காலத்துப் பழக்கம் இல்லை. ரோமானியர்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது, ஆனால் அவர்கள் ஆட்சி இந்த வடக்கு வரை எட்டவே இல்லை. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் செங்கல் சுடும் வித்தை இந்தப் பக்கம் வருகிறது. வட இத்தாலியின் லம்பார்டிப் பகுதியிலிருந்து துறவிகளோடும் கைவினைஞர்களோடும் வந்திருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்கும் கருத்து. எல்பே ஆற்றங்கரைக்குப் பக்கத்து ஜெரிக்கோ மடத்துக் கோயில், ராட்செபுர்க் பேராலயம் (பேராலயம் என்றால் ஆயரின், அதாவது பிஷப்பின், தலைமைக் கோயில்), 1173-இல் லூபெக்கிலேயே அடிக்கல் போட்ட பேராலயம் எல்லாம் அந்த முதல் தலைமுறைச் செங்கல் வேலைகள். அவை ரோமனெஸ்க் பாணியில் வந்தவை: தடித்த சுவர், சின்னச் சன்னல், அரைவட்ட வளைவு.

அந்தச் செங்கல்லை இன்றைய செங்கல் அளவில் நினைத்துவிடாதீர்கள். 'மடாலயச் செங்கல்' என்று இப்போது அவர்கள் அழைக்கும் அளவு, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும், சுமார் 28 சென்டிமீட்டர் நீளம், 14 அகலம், 9 உயரம். ஒன்று 5, 6 கிலோ தேறும். இலையுதிர் காலத்தில் களிமண்ணை வெட்டிக் குவித்துப் போடுவார்கள். குளிர்காலம் முழுக்க அது உறைந்து இளகி, உறைந்து இளகி, கட்டி உடைந்து பதமாகும். வசந்தத்தில் மணல் சேர்த்து மிதித்துப் பிசைந்து, கோடையில் மர அச்சில் போட்டுத் தட்டிக் காய வைத்து, பிறகு சூளையில் அடுக்குவார்கள். ஆயிரம் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தில் பல நாள் எரிய வேண்டும். மண்ணில் இரும்பு மிகுந்திருந்தால் சிவப்பு வரும், சுண்ணாம்பு மிகுந்திருந்தால் மஞ்சளாகிவிடும். இதில் ஒரு பருவம் தவறினால் அந்த ஆண்டுக்கான செங்கல் இல்லை. அப்படியென்றால் கட்டுமானத்தின் வேகத்தைச் சூளைதான் முடிவு செய்தது.

5 கிலோ செங்கல்லைக் கொத்தனார் ஒரு கையால் தூக்கி வைத்துவிடலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கல் கோயிலுக்கும் செங்கல் கோயிலுக்கும் உள்ள பெரிய வேறுபாடே இதுதான். கல் வேலையில் ஒவ்வொரு கல்லும் ஓர் இடத்துக்கென்றே செதுக்கப்படுகிறது, அதை ஏற்ற பாரந்தூக்கி வேண்டும், திட்டத்தை மாற்றினால் செதுக்கிய கல் வீண். செங்கல் எங்கே வேண்டுமானாலும் போகும். நேற்று வரை ஒரு திட்டம், இன்று வேறு திட்டம் என்றால் அதே செங்கல்லை வைத்துக்கொண்டு திரும்பிக்கொள்ளலாம். லூபெக்காரர்கள் மனம் மாறியபோதெல்லாம் இந்த வசதி அவர்களுக்குக் கைகொடுத்தது.

சிற்பம்தான் செங்கல்லில் முடியாது. சுட்ட கல்லைச் செதுக்கினால் உடைந்து போகும், மேல்தோல் போனால் மழையும் உறைபனியும் உள்ளே புகுந்துவிடும். அதனால் அலங்காரத்தை உளியிலிருந்து அச்சுக்கு மாற்றினார்கள். சன்னல் ஓரத்துக்கு உருண்டையாக ஒரு அச்சு, கூரை வளைவைத் தாங்கும் விலா எலும்பு போன்ற பட்டைக்குப் பேரிக்காய் வடிவத்தில் ஒரு அச்சு என்று தனித்தனியே செய்து, பச்சை மண்ணிலேயே வடிவம் கொடுத்துச் சுட்டார்கள். சில கற்களுக்கு ஈய மெருகு பூசிக் கரும்பச்சையாகவோ கறுப்புப் பழுப்பாகவோ பளபளக்க வைத்தார்கள். பிரெஞ்சுப் பேராலயத்தின் முகப்பில் அணிவகுத்து நிற்கும் நூற்றுக்கணக்கான சிலைகள் இங்கே இல்லை. உயரமும், வரிசையும், நிழலும் மட்டும்தான். என்னைக் கேட்டால் அந்தக் குறையே இந்தக் கட்டடங்களுக்கு அழகாக அமைந்தது. ஆனால் இது என் ரசனை, சிலை பார்க்கப் பிரியப்படுகிறவர்கள் பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்துக்குத்தான் போக வேண்டும்.

சரி, இப்போது லூபெக்.

1143-இல் ஹோல்ஷ்டைன் பிரபு இரண்டாம் அடால்ஃப் இந்த ஊரை நிறுவுகிறார். டிராவே ஆறும் வாக்கனிட்ஸ் ஆறும் சுற்றி வளைக்கும் ஒரு மேடு. 1157-இல் ஊர் எரிந்துபோகிறது. 1159-இல் 'சிங்கம்' என்று பெயர் பெற்ற சாக்சனிக் கோமகன் ஹென்றி ஊரைத் தன் கைக்கு எடுத்து மறுபடி நிறுவுகிறார். 1160-இல் ஆயர் பீடமும் இங்கே இடம் மாறுகிறது. ஆயரின் பேராலயம் மேட்டின் தென் முனையில். வணிகர்களுக்கான மரியா தேவாலயம் நடு மேட்டில், சந்தைக்கு அருகில். முதலில் மரத்தில்தான் கட்டினார்கள். 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் இடத்தில் ரோமனெஸ்க் பாணியில் ஒரு செங்கல் கோயில் வருகிறது. அதன் சிற்பத் துண்டுகள் சில இன்றும் லூபெக்கின் புனித அன்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆக, '1200' என்று யாராவது போட்டிருந்தாலும் அதுவும் பிழையில்லை, இரண்டாவது கோயிலைச் சொல்கிறார்கள்.

1226-இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் லூபெக்கைச் சுதந்திரப் பேரரசு நகரமாக அறிவிக்கிறார். இனி பேரரசரைத் தவிர மேலே யாரும் இல்லை. லூனெபுர்க் உப்பு லூபெக் வழியாகப் போகிறது, ஸ்வீடன் தென்முனைக் கடலில் பிடித்த ஹெர்ரிங் மீன் அந்த உப்பில் பதப்பட்டு ஐரோப்பா முழுக்கப் போகிறது. விரதக் காலத்தில் இறைச்சி சாப்பிடாத கண்டத்துக்கு உப்பு மீன் விற்பவர்களிடம் பணம் எவ்வளவு சேரும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணம் வைத்திருந்தவர்களின் கோயில் பழையதாக, குறுகலாக, ஆயரின் கோயிலை விடச் சின்னதாக இருந்தது.

1251-இல் ஊரில் பெரிய தீ. அதற்குப் பிறகுதான் புதிய தேவாலயத்துக்கான வேலை சூடுபிடிக்கிறது. 1251 என்று எழுதுகிறவர்கள் இந்தத் தொடக்கத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள்.

முதலில் அவர்கள் கட்டத் தொடங்கியது இன்று நாம் பார்க்கும் தேவாலயமே இல்லை. நடுக்கூடமும் இரண்டு பக்கக் கூடங்களும் ஒரே உயரத்தில் நிற்கும் 'மண்டப' வகைக் கோயிலைத்தான் நினைத்தார்கள். லூபெக் வணிகர்களில் நிறையப் பேர் வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து குடியேறியவர்கள். அங்கே இந்த மண்டப வகைதான் வழக்கம். பெரிய, வெளிச்சமான, எல்லோரும் கூடி நிற்கக்கூடிய இடம். ஒரு வணிகர் நகரத்துக்குப் பொருத்தமான தேர்வு.

அப்புறம் மனம் மாறுகிறது. ஃப்ளாண்டர்ஸுக்கும் பிரான்சுக்கும் போய் வந்தவர்கள் அந்த ஊர்ப் பேராலயங்களைப் பார்த்திருக்கிறார்கள். நடுக்கூடம் மட்டும் பக்கக் கூடங்களுக்கு மேலே எழும்பி, தனக்கென ஒரு சன்னல் வரிசையோடு வானத்தில் நிற்கும் பசிலிக்கா வகை. பலிபீடத்தைச் சுற்றி நடக்க ஒரு சுற்றுப்பாதை, அதிலிருந்து இதழ் இதழாகப் பிரியும் சிற்றாலயங்கள். மண்டபத் திட்டத்தைக் கைவிட்டு, கிழக்கு முனையிலிருந்து இந்தப் புதிய வடிவத்தில் கட்ட ஆரம்பிக்கிறார்கள். 1277 முதல் 1351 வரை என்று போட்டிருப்பவர்கள் இந்த மூன்றாவது கோயிலின் வேலைக்காலத்தை எழுதுகிறார்கள்.

ஏன் இந்த மாற்றம்? அழகு ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. நகர மன்றத்துக்கும் ஆயருக்கும் தீராத வழக்கு. புர்க்ஹார்ட் ஃபான் செர்கெம் என்ற ஆயர் 1317-இல் இறக்கும் வரை சுமார் 40 ஆண்டுகள் பீடத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் நகரத்துக்கும் அவருக்கும் பிணக்கு முற்றி, ஊரில் வழிபாட்டையே நிறுத்தி வைக்கும் தடை வரை போனது. பிரான்சில் பேராலய வடிவம் என்பது ஆயருக்கு உரியது. அந்த வடிவத்தை எடுத்து, நகர மன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில், சந்தைக்காரர்களின் பங்குக் கோயிலுக்குக் கட்டுவது என்றால் அது ஆயரின் முகத்துக்கு நேராகச் சொல்லும் பதில். ஆயர் தரப்பும் சும்மா இருக்கவில்லை, 1266-இலிருந்து பேராலயத்தின் கிழக்குப் பகுதியை கோதிக் பாணியில் பெரிதாக்கினார்கள். ஆனால் உயரத்தில் மரியா தேவாலயத்தைப் பிடிக்க முடியவில்லை.

அந்த உயரம் 38.5 மீட்டர். தரையிலிருந்து நடுக்கூடத்துக் கூரை வளைவின் உச்சி வரை. செங்கல்லில் கட்டிய கூரை வளைவுகளில் உலகிலேயே இதுதான் உயரமானது, இன்றைக்கும். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய ரைம்ஸ் பேராலயத்தின் கூரை வளைவும் ஏறக்குறைய இதே உயரம்தான். கல்லில் அவர்கள் செய்ததைச் சுட்ட மண்ணில் இவர்கள் செய்தார்கள்.

இதில் உள்ள சிக்கலைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வேலையின் துணிச்சல் அங்கேதான் இருக்கிறது. கூரை வளைவு கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, சுவரைப் பக்கவாட்டில் வெளியே தள்ளுகிறது. உயரம் கூடக் கூட அந்தத் தள்ளுதலுக்கு ஆளாகும் சுவர் தடுமாறும். தடித்த சுவர் வைத்தால் நிற்கும், ஆனால் சன்னல் போய்விடும். கோதிக் கொத்தனார்கள் கண்ட வழி, வெளியிலிருந்து சாய்வான வளைவுகளை முட்டுக்கொடுத்து, பக்கக் கூடத்தின் கூரைக்கு மேலாகத் தாண்டி, அந்தத் தள்ளுதலை வெளிப்புற உதைசுவர்களுக்குக் கடத்துவது. கல்லில் இந்த முட்டு வளைவுக்குப் பெரிய பெரிய துண்டுகளைச் செதுக்கிப் பொருத்துவார்கள், இணைப்புகள் குறைவு. செங்கல்லில் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள், அவற்றுக்கு நடுவே ஆயிரக்கணக்கான சாந்துப் பட்டைகள். சுண்ணாம்புச் சாந்து மெதுவாகத்தான் இறுகும். தடித்த வேலையில் உட்புறம் கெட்டியாக ஆண்டுகள் பிடிக்கும். அது முழுதாக இறுகும் முன்பு மேலே பாரம் ஏற்றினால் எல்லாம் நெளியும். எனவே பொறுமையாக, பருவம் பருவமாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். குளிர் தொடங்கியதும் சுவர் மேல்பரப்பை வைக்கோல் போன்றவற்றால் மூடிவிட்டு அடுத்த வசந்தத்துக்குக் காத்திருப்பதுதான் வடநாட்டுக் கொத்தனார் வழக்கம்.

சுவர்களின் முகத்தில் நல்ல செங்கல்லை நீளவாட்டில் இரண்டு, குறுக்காக ஒன்று என்று மாறி மாறி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பகுதி முழுக்க இடைக்காலத்தில் பரவியிருந்த கட்டு அது. இரண்டு முகங்களுக்கு நடுவே உடைந்த செங்கல், சிறு கல், சாந்து எல்லாம் கொட்டி நிரப்பு. குறுக்காகப் போகும் கல் அந்த நிரப்பைப் பிடித்துக்கொள்கிறது.

கிழக்குப் பகுதியின் சுற்றுப்பாதையில் இவர்கள் ஒரு சிக்கனம் செய்தார்கள். பிரான்சின் பெரிய பேராலயங்களில் சுற்றுப்பாதைக்குத் தனிக் கூரை வளைவு, ஒவ்வொரு சிற்றாலயத்துக்கும் தனிக் கூரை வளைவு. லூபெக்கில் சுற்றுப்பாதைத் துண்டையும் அதை ஒட்டிய சிற்றாலயத்தையும் ஒரே கூரை வளைவுக்குக் கீழே சேர்த்துவிட்டார்கள். சுவாசோன் பேராலயத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. செலவும் குறைந்தது, இடமும் அகலமாகத் தெரிந்தது. பிறகு பால்டிக் கரையில் இந்த வடிவத்தையே திரும்பத் திரும்பக் கட்டினார்கள். ஷ்ட்ரால்சுண்டின் புனித நிக்கோலாஸ், விஸ்மாரின் புனித நிக்கோலாஸ், டோபரான் மடத்துக் கோயில், ஷ்வெரின் பேராலயம், ரோஸ்டோக்கின் மரியா தேவாலயம் என்று வரிசை நீளும். மொத்தத்தில் சுமார் 70 தேவாலயங்களுக்கு லூபெக் மாதிரியாக இருந்தது என்பார்கள். கடன் வாங்கிய வடிவம் ஒன்று இங்கே செங்கல் பேச்சைக் கற்றுக்கொண்டு, பிறகு இங்கிருந்தே மற்றவர்களுக்கும் போயிருக்கிறது.

1289-இல் நகர மன்றம் சுற்றுப்பாதையின் தென்கிழக்கு மூலையில் தனக்கென ஒரு சிற்றாலயம் ஒட்டிக் கட்டியது. புதிதாகத் தேர்வான மன்ற உறுப்பினர்கள் பொறுப்பேற்றது அங்கேதான். அதன் மேல்மாடியில் நகரத்தின் உயிர் ஆவணங்கள்: பட்டயங்கள், ஒப்பந்தங்கள். சுதந்திரத்துக்கான அத்தாட்சியைத் தேவாலயத்துக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மேல்மாடி இன்றும் தேவாலயத்துக்கு உரியதில்லை, நகரத்துக்கு உரியது.

மேற்குப் பக்கத்தில் மறுபடியும் மனம் மாறியிருக்கிறது. முதலில் நடுவில் ஒற்றைக் கோபுரம் என்பதுதான் திட்டம். அதை மாற்றி 1304-இல் வடக்குக் கோபுரத்துக்கும் 1310-இல் தெற்குக் கோபுரத்துக்கும் கல் போடுகிறார்கள். இரட்டைக் கோபுரமும் பேராலயத்தின் அடையாளம்தான். அந்த அடையாளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 1310-லேயே தெற்குக் கோபுரத்தை ஒட்டி, சந்தைப் பக்கத்து வாசலாகவும் பயன்பட்ட ஒரு சிற்றாலயம். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதன் நட்சத்திரக் கூரையை நடுவில் தாங்குவது மெல்லிய கருங்கல் தூண்கள் இரண்டு. செங்கல் உலகத்துக்கு நடுவே அந்த இரண்டு கல் தூண்களைப் பார்க்கும்போது, விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். 16-ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் (ஊர் லூதரின் வழிக்கு மாறிய காலம்) பிறகு கூலிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் அங்கே உட்கார்ந்ததால் 'கடிதச் சிற்றாலயம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1350-இல் கொள்ளைநோய் லூபெக்கைத் தாக்குகிறது. 1351-இல் கோபுரக் கூம்புகள் முடிகின்றன. ஊரே செத்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ சாரத்தில் ஏறி அந்த மர வேலையை முடித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கூம்போடு சேர்த்து ஒவ்வொரு கோபுரமும் சுமார் 125 மீட்டர். இதைத்தான் '1351' என்று எழுதுகிறார்கள்.

உண்மையில் அதோடும் முடியவில்லை. 1444-க்குச் சற்று முன்பு கிழக்கு முனையில், மரியாவுக்கு வேளைதோறும் பாடல் பாட ஒரு சிற்றாலயம் சேர்ந்தது. இடைக்காலத்தில் கடைசியாகக் கூடிய பகுதி அதுதான்.

உள்ளே நிறைந்த செல்வத்தைப் பற்றி எழுதினால் பதில் எங்கோ போய்விடும். 1337-இல் வார்த்த வெண்கல ஞானஸ்நானத் தொட்டி, 1463-இல் பெர்ன்ட் நோட்கே தீட்டிய 'மரண நடனம்', 1668 முதல் 1707 வரை ஆர்கன் வாசித்த புக்ஸ்டெஹூடே, அவரைக் கேட்க 1705-இல் ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்த, பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான இளைஞர் பாக் என்று பெயர்களை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இனி சொல்ல வேண்டியது 1942. மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவு, பிரிட்டிஷ் விமானப்படையின் 234 விமானங்கள் லூபெக் மீது குண்டு போட்டன. பழைய நகரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எரிந்தது. மரியா தேவாலயத்தின் மரக் கூரைச் சட்டமும் கூம்புகளும் பற்றிக்கொண்டன. மரண நடன ஓவியம் போயிற்று (அப்போது இருந்தது 1701-இல் செய்த பிரதி), 16-ஆம் நூற்றாண்டு வானியல் கடிகாரம் போயிற்று, ஆர்கன்கள் போயின. தெற்குக் கோபுரத்திலிருந்து மணிகள் விழுந்து தரையில் நொறுங்கின. அவற்றில் இரண்டு மணிகளின் உடைந்த துண்டுகளை விழுந்த இடத்திலேயே இன்றும் விட்டு வைத்திருக்கிறார்கள். வெண்கலம் அப்படித் தரையில் புதைந்து மடிந்து கிடப்பதை நான் முதன்முறை பார்த்தபோது, உடன் வந்தவரிடம் எதுவும் பேச முடியவில்லை.

சுவர்கள் நின்றன. ஏற்கெனவே ஒருமுறை தீயில் வெந்த பொருள் என்பது இங்கே முக்கியம். சுண்ணாம்புக்கல் பெருந்தீயில் நீறிப் பொடியாகும். நன்றாகச் சுட்ட செங்கல் அதைவிட நெடுநேரம் தாங்கும். கூரை வளைவுகள் சில இடங்களில் இடிந்தன, ஆனால் கட்டடம் எழுந்து நிற்கும் அளவுக்கு மிஞ்சியது. போர் முடியும் வரை தற்காலிகக் கூரை போட்டுக் காத்தார்கள். 1947-இல் மறுகட்டுமானம் தொடங்கி, 12 ஆண்டுகளில் பெரும்பகுதி முடிந்தது.

அப்போது எடுத்த ஒரு முடிவை இன்றும் எங்கள் தொழிலில் விவாதிப்பார்கள். எரிந்த மரச் சட்டத்தை மறுபடி மரத்தில் செய்யவில்லை. கூரைச் சட்டத்தையும் கூம்புகளையும் எடை குறைந்த கான்கிரீட்டில் கட்டி, மேலே செம்புத் தகடு போட்டார்கள். கீழேயிருந்து பார்த்தால் பழைய நிழலுருவம் அப்படியே. உள்ளே ஏறினால் 20-ஆம் நூற்றாண்டு. பழைய முறையிலேயே செய்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு அவர்கள் தரப்பு நியாயம் உண்டு. தலைக்கு மேல் அந்த மரச் சட்டம் எரிந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை இனி இங்கே எரியக்கூடியது எதுவும் வேண்டாம் என்று நினைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

தீ இன்னொன்றையும் செய்தது. பல நூற்றாண்டு வெள்ளையடிப்பு வெப்பத்தில் உரிந்து, அடியிலிருந்து இடைக்காலச் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. செங்கல் கோயில் என்றதும் உள்ளேயும் சிவப்புச் செங்கல் தெரிந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உட்சுவர்களைப் பூசி, வெளுத்து, வளைவுகளுக்கு வண்ணம் கொடுத்து, சன்னல்களுக்கு இடையே புனிதர்களைத் தீட்டியிருந்தார்கள். இப்படி வெளிப்பட்ட ஓவியங்களைச் செப்பனிடும் வேலை டீட்ரிஷ் ஃபே என்பவருக்கும் அவரிடம் வேலை பார்த்த ஓவியர் லோதார் மால்ஸ்காட்டுக்கும் போனது. நடுக்கூடத்தில் பழைய ஓவியம் இருந்தது. பலிபீடப் பகுதியின் மேல்சுவரிலோ ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. மால்ஸ்காட் அங்கே தன் கற்பனையில் புதிய புனிதர்களைத் தீட்டினார். 1951-இல் 700-ஆவது ஆண்டு விழா. 1251-இலிருந்து கணக்கு. சான்சலர் அடெனவர் வந்தார், ஓவியங்களைப் போட்டு மேற்கு ஜெர்மனி அஞ்சல் தலை வெளியிட்டது, நிபுணர்கள் புகழ்ந்தார்கள். 1952-இல் மால்ஸ்காட் தானே முன்வந்து உண்மையைச் சொன்னார். முதலில் யாரும் நம்பவில்லை. வழக்கு நடந்து இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது, பீடப் பகுதி ஓவியங்களை அழித்துவிட்டார்கள். பழுதுபார்ப்பவர் எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்று இளைய பொறியாளர்களுக்குச் சொல்லும்போது நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

கூரை நடுவில் நிற்கும் சின்னக் கூம்பு 1980-இல்தான் திரும்ப வந்தது. 1987-இல் லூபெக்கின் பழைய நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஆக, உங்கள் குறிப்பில் ஒரே ஒரு வரி எழுத வேண்டுமானால், 'இன்றைய கோதிக் தேவாலயம் 13-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து 1351 வரை கட்டப்பட்டது; 1942-இல் எரிந்து, 1947 முதல் 1959 வரை மீட்கப்பட்டது' என்று எழுதுங்கள். 1251-ஐ விழா ஆண்டாகக் குறிப்பிடலாம், கட்டி முடித்த ஆண்டாகக் குறிப்பிட வேண்டாம்.

நேரில் போக வாய்த்தால் உள்ளே நுழையும் முன் தென்கிழக்கு மூலைக்குப் போய், வெளியே நின்று பாருங்கள். மெருகு பூசிய செங்கல் ஓரிடத்தில் சட்டென்று நின்று, அதன் பக்கத்தில் மெருகில்லாத செங்கல் தொடங்கும். தேவாலயத்தின் சுவரோடு 1289-இல் மன்றத்தின் சிற்றாலயம் வந்து ஒட்டிய இடம் அது. கையால் தொட்டுப் பார்க்கும் உயரத்திலேயே அந்த இணைப்பு இருக்கிறது.